குடிக்காதவர் ஹேப்பி ஹவருக்குப் போகலாமா?

தம்பி, சிகாகோ வந்து இரண்டு மாதம் ஆகிறது, வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஆட்கள் பக்கத்துத் தெரு பாருக்கு ஹேப்பி ஹவர், அதாவது மதுவை விலை குறைத்து விற்கும் நேரம், என்று கூப்பிடுகிறார்கள், குடிப்பழக்கம் இல்லாத நான் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் போய் வாருங்கள். நானும் குடிப்பதில்லை. வந்த புதிதில் நாலைந்து வருடம் இதே தயக்கத்தில் நேராக வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த வருடங்களில் எனக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது.

நமக்கு பார் என்றால் டாஸ்மாக்தான் கண்முன் வரும். ஈரத் தரை, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம். இங்கே தெருமுனை பார் வேறு மாதிரி. நான் போகும் இடத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பஸ் டிரைவர் ஒருவர், கிடார் பையோடு வரும் பையன்கள் எல்லாரும் ஒரே பார் கவுண்டரில் முழங்கை வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். குளிர்காலத்தில் வாசலில் ஒரு பெட்டி இருக்கும், ஏழைகளுக்கான கோட்டும் டப்பா உணவும் சேர்க்க. தெருவில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஒரு நாள் பாட்டுக் கச்சேரி வைத்து டிக்கெட் பணத்தை அப்படியே கொடுப்பார்கள். 2016 ஜனவரியில் என் வீட்டு ஹீட்டர் நின்றுபோனபோது, கைக்குழந்தையோடு தவித்த எங்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்து சரிசெய்து கொடுத்தவர் அங்கே வியாழக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்காரும் மனிதர்தான். காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

இன்னொரு விஷயம். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் ஹேப்பி ஹவருக்கு 1989 முதல் தடை இருந்தது. 2015-ல்தான் எடுத்தார்கள். இப்போதும் ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 15 மணி நேரம்தான் விலை குறைக்கலாம், இரவு 10 மணிக்கு மேல் கூடாது. ஆபீஸ் முடிந்ததும் எல்லாரும் 5 மணிக்கே கூடிவிடுகிறார்கள்.

வாசலில் வயதுச் சான்று கேட்பார்கள், நரைத்த தலைக்கும் கேட்பார்கள், கோபப்படாதீர்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலையாமல் சீக்கிரமே ஸ்டேட் ஐடி என்கிற மாநில அரசு அடையாள அட்டையை எடுத்துவிடுங்கள். உள்ளே போனதும் "சோடா வித் லைம்" என்று கேட்டால் போதும். ஏன் குடிக்கவில்லை என்று பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் "குடிப்பதில்லை" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும். சோடா இலவசமாகவே கொடுத்தாலும் ஒரு டாலர் டிப்ஸ் வையுங்கள். ஊற்றிக் கொடுப்பவருக்குச் சம்பளத்தைவிட அதுதான் வருமானம்.

பின்னாளில் நீங்கள் ஒரு பியர் குடிக்க ஆரம்பித்தாலும், அன்றைக்குக் காரைத் தொடவே கூடாது. டி.யு.ஐ., அதாவது குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் கைதானாலே போதும், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசாவை ரத்து செய்ய முடியும். ப்ளூ லைன், ரெட் லைன் ரயில்கள் 24 மணி நேரமும் ஓடுகின்றன, அப்புறம் என்ன?

ஆபீஸ்காரர்கள் ஏழு மணிக்குக் கலைந்துவிடுவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். இந்த ஊர் பார்களின் உயிரே பாட்டு நடக்கும் பின்னறையில்தான் இருக்கிறது. வபான்சியா அவென்யூவில் ஹைட்அவுட் என்று ஒன்று, பார்த்தால் பழைய வீடு மாதிரி இருக்கும். 1934-லிருந்தே அது பார்தான், 1996-ல் நண்பர்கள் சிலர் வாங்கிப் பாட்டுக்கான இடமாக்கினார்கள். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்ட மேடைகளில் பாடிய மேவிஸ் ஸ்டேபிள்ஸ் 2008-ல் அந்தச் சின்ன அறையில் நின்றுதான் ஒரு நேரலை ஆல்பம் பதிவு செய்தார். அத்தனை பெரிய பாடகியைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று கேட்பது வேறு எங்கே கிடைக்கும்?

பாடும்போது பேசாதீர்கள். உண்டியல் மாதிரி ஒரு ஜாடி சுற்றி வந்தால் ஐந்து டாலராவது போடுங்கள், அது பாடுகிறவர்களுக்கு. அதற்காகச் சில்லறையாக இருபது டாலர் கையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை கிளம்புங்கள்.