பல நாளாக நினைவில்லாமல் வென்டிலேட்டரில் இருப்பவரை இன்னும் ஓர் ஆளாகக் கருத முடியுமா? கருவியை எடுக்கச் சம்மதிப்பது கொலையா?

கேட்ட விதத்திலேயே தெரிகிறது, ஐசியூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. 2019-இல் அதே மாதிரி நாற்காலியில் 19 நாள் உட்கார்ந்தவள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்களுக்கு அம்மா 'ஏழாம் பெட்'. தலைமாட்டில் நின்றே, "இனிமே ஒண்ணும் இல்லைங்க" என்பார்கள். அண்ணனும் அங்கேயே பில்லைப் பற்றிப் பேசுவான். ராத்திரி டியூட்டி ஆயாம்மா ஒருத்தர் மட்டும் திரையை இழுத்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டுத் துடைப்பார். ஆள்தானா என்கிற சந்தேகமே அவருக்கு வந்திருக்காது.

மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு 2015 வரை கே.இ.எம். மருத்துவமனையில் சுயநினைவின்றிக் கிடந்தார். பார்த்துக்கொண்டது அங்கிருந்த நர்சுகள். அவரைச் சாகவிடச் சொல்லி ஒரு பத்திரிகையாளர் போட்ட மனுவை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் சார்பில் பேசும் உரிமை பராமரித்தவர்களுக்கே என்றது. 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாகச் சாவதும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமைதான் என்றது.

இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டியூட்டி டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா" என்றார். நீட்டிய காகிதத்திலோ, 'மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்தப் பொறுப்பில்' என்று இருந்தது. போகச் சொன்னது அவர், மாறாகப் போனவள் நான்! கையெழுத்துப் போட்டேன். ஆம்புலன்ஸில் ஒரு பையன் ஊர் வரைக்கும் மூச்சு கொடுக்கும் பலூனை அமுக்கிக்கொண்டே வந்தான். வீட்டில் குழாயை எடுத்தபின் ஒன்றரை மணி நேரம்.

"தலைக்கூத்தல் ஊர்க்காரிதானே" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: படுத்த படுக்கையான கிழடுகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகடிக்கும் அந்த வழக்கம் எங்கள் விருதுநகர்ப் பக்கம் நடந்ததை நான் மறைக்கவில்லை. அங்கே கிழவியிடம் யாரும் கேட்பதில்லை. எங்கம்மா, சின்னம்மா கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு, "எனக்கு இந்தக் குழாயெல்லாம் சொருகிராதீங்கடி" என்று நல்ல நினைவோடு சொன்னவள். எழுதி வாங்காததுதான் என் தப்பு. இப்படி எழுதி வைக்க முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும். 2023-இலிருந்து இரண்டு சாட்சியும் நோட்டரியும் போதும். எழுதி வைக்காவிட்டாலும், குடும்பத்தின் சம்மதத்தோடு இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துக் கருவியை எடுக்கும் வழி உண்டு. அதைக் கேளுங்கள். 'மாறாக' என்ற காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அம்மா வாங்கியது அப்பாவின் குடும்பப் பென்ஷன். 2018 நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்காகப் போனால், தேய்ந்த விரல் மெஷினில் பதியவில்லை. மூன்று நடை. "ரேகை விழலைன்னா ஆள் இருக்கிறதுக்கு ஆதாரம் இல்லையே மேடம்" என்றான் கவுன்டர் பையன். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரேதான் நிற்கிறாள். "ஏம்ப்பா, நான் பேசுறது உனக்குக் கேக்குதா?" என்றாள்.

அவன் என்னைப் பார்த்து, "கையைத் துடைச்சிட்டு வைக்கச் சொல்லுங்க மேடம்" என்றான்.