சாஃப்ட்பால் நடுவர் எங்கே பேசலாம், எங்கே அவுட் கொடுத்தே ஆக வேண்டும்?

விதியை அப்படியே அமல்படுத்தும் நடுவர் நல்லவரா, ஆட்டத்தின் போக்கறிந்து விட்டுக்கொடுப்பவர் நல்லவரா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி, கல்லூரி அளவிலான ஃபாஸ்ட்பிட்ச் (பந்தை வேகமாக வீசும் சாஃப்ட்பால் வகை) போட்டிகளில் நடுவராக நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தவறு நடப்பதற்கு முன்பு நடுவர் பேசித் தடுக்கலாம்; நடந்த பிறகு, அதனால் எதிரணிக்கு இழப்பு என்றால், விட்டுக்கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை.

பேஸ்பாலைப் போல இங்கே ரன்னர் (பேஸ் எனும் நிலைகளுக்கு இடையே ஓடுபவர்) முன்கூட்டியே நகர்ந்து நிற்க முடியாது. வீசுபவரான பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபடும்வரை அவர் பேஸைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மீறினால் டெட் பால் (ஆட்டம் அங்கேயே நிற்கும்), ரன்னர் அவுட். பேஸ்களுக்கு இடையே 60 அடிதான், ஆனால் பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் இரண்டாம் பேஸுக்கு ஏறத்தாழ 85 அடி எறிய வேண்டும் என்பதால், ஓர் எட்டு முன்னதாகக் கிளம்பினாலே ஸ்டீல் (பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸைப் பிடிப்பது) கைகூடிவிடும். "தோற்கப்போகிற பிள்ளைகள்தானே, விட்டுவிடுங்கள் சார்" என்று பயிற்சியாளர் கேட்கும்போது மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் அந்த இரக்கத்துக்கு விலை கொடுப்பவர், எந்தத் தவறும் செய்யாத எதிரணி கேட்சர்.

பேட்டர் நின்று அடிக்கும் கட்டமான பேட்டர்ஸ் பாக்ஸின் பின்கோட்டைச் சில பேட்டர்கள் காலால் தேய்த்தே அழித்துவிடுவார்கள். கோடு போய்விட்டால், கால் முழுவதும் வெளியே ஊன்றியிருக்கப் பந்தை அடித்தாரா என்ற சர்ச்சை பிறகு வந்தே தீரும். அப்படி அடித்தால் அவர் அவுட். எனவே முதல் இன்னிங்ஸிலேயே, பேட்டர் அருகே தரையில் பதித்திருக்கும் ப்ளேட்டைத் துடைக்கக் குனியும்போது மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி, "கோட்டை அழிக்காதம்மா" என்று பேட்டருக்கும் கேட்சருக்கும் மட்டும் கேட்கும் குரலில் சொல்லிவிடுவேன். அதையே உரக்கச் சொன்னால் கண்டனமாகிவிடும். இந்த உதவிக்கும் எல்லை உண்டு. ரன்னர் ஒரு பேஸைத் தொடாமல் ஓடியதைக் கண்ணால் கண்டாலும் நான் வாய் திறப்பதில்லை. அது எதிரணி கவனித்து, அப்பீல் செய்து பெற வேண்டிய அவுட்.

வீசிய பந்து அடிக்கத்தக்க ஸ்ட்ரைக்கா, விலகிப்போன பாலா, ரன்னர் சேஃபா அவுட்டா என்பவை நடுவரின் கணிப்பு. அவற்றை எதிர்த்து புரொட்டஸ்ட் (முறையான ஆட்சேபணை) செய்ய முடியாது. விதியைத் தவறாகப் பொருத்தினால் செய்யலாம், பெரும்பாலும் அடுத்த பிட்ச்சுக்கு முன்பே அதைத் தெரிவித்துவிட வேண்டும். ஆகவே கணிப்பைப் பற்றி வாதிட வருபவரிடம் சுருக்கமாகப் பேசி அனுப்புகிறேன். விதியைப் பற்றிக் கேட்டு வருபவரை அவசரப்படுத்தாமல், அவர் சொல்வதை முழுவதும் கேட்டு, பேஸ் நடுவரையும் கலந்துகொண்ட பிறகே ஆட்டத்தைத் தொடர்கிறேன்.