நடந்தால் நெஞ்சு படபடக்கிறது, நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரு வருடமாகவே திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, ஏதோ கெட்டது நடக்கப்போகிற மாதிரி பயம் வருகிறது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் குறை இல்லை. பதற்றம்தான் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார், தினமும் வாக்கிங் போகவும் சொன்னார். மூன்றாம் நாள் மேம்பாலம் ஏறும்போது அதே படபடப்பு வந்துவிட்டது. பயந்துபோய் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அதோடு விட்டுவிட்டேன். உடற்பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளாதா? ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை. பயிற்சி செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரி, நீங்கள் ஆட்டோ பிடித்த அந்த மேம்பாலத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பிரச்சினை, அதற்கான வழி இரண்டுமே அங்கேதான் இருக்கின்றன.

மேடு ஏறும்போது கால் தசைகள் கூடுதல் ரத்தம் கேட்கும். அதைக் கொடுக்க இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். பதற்றம் வரும்போதும் உடலில் நடப்பது இதேதான். ஒரு வருடமாக உங்கள் மூளை 'நெஞ்சு வேகமாக அடித்தால் ஆபத்து' என்று பாடம் படித்து வைத்திருக்கிறது. மேம்பாலத்தில் இதயம் தன் வேலையைச் செய்தது; மூளை பழைய பாடத்தை ஒப்பித்தது. பயந்ததால் அட்ரினலின் இன்னும் சுரந்து, படபடப்பும் கூடியது. ஆட்டோவில் ஏறியதும் பயம் இறங்கியது இல்லையா? அதைப் பார்த்து மூளை 'நல்லவேளை, ஆட்டோ கிடைத்ததால் தப்பித்தோம்' என்று முடிவுகட்டிவிட்டது. நின்றிருந்தாலும் சில நிமிடங்களில் தானாகவே அடங்கியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

உங்களுக்கு வந்த பயம் ஒரு காலத்தில் மருத்துவ உலகத்துக்கே இருந்தது. 1967-ல் அமெரிக்காவில், பதற்ற நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் லாக்டேட்டை ஏற்றியபோது பலருக்கு அங்கேயே பீதித் தாக்குதல் வந்தது. கடுமையாக உழைத்தால் ரத்தத்தில் சேர்வதும் லாக்டேட்தான் என்பதால், இவர்களுக்கு உடற்பயிற்சி ஆகாது என்ற எண்ணம் பரவியது. அந்த எண்ணம் நிலைக்கவில்லை. 1998-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், பீதி நோய் உள்ள 46 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை ஓட வைத்தார்கள், ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொன்றுக்கு வெறும் போலி மாத்திரை. பத்து வாரத்தில், ஓடியவர்கள் போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிடத் தெளிவாகவே தேறினார்கள். மருந்து இன்னும் சீக்கிரமாக, இன்னும் நன்றாக வேலை செய்தது. உங்கள் கடைசிக் கேள்விக்கு வரும்போது இந்த இரண்டாவது பாதியும் நமக்குத் தேவைப்படும்.

பயிற்சி முடிந்ததும் வரும் லேசான நிம்மதிக்கு எண்டார்பின்தான் காரணம் என்று நிறையப் பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் ரத்தத்தில் சுரக்கும் எண்டார்பின் மூளைக்குள் அவ்வளவு எளிதில் நுழைவதில்லை. உடலே தயாரிக்கும் ஆனந்தமைடு என்ற பொருளைத்தான் இப்போது ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்கிறார்கள். 1992-ல் அதைக் கண்டறிந்தவர்கள் நம் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே அந்தப் பெயரை வைத்தார்கள். ஒருமுறை வேகமாக நடந்தால் கிடைக்கும் இந்த ஆறுதல் சில மணி நேரம் நிற்கும். பதற்றமே குறைய வேண்டுமென்றால் வாரக்கணக்கில் செய்ய வேண்டும். ஆனாலும் உங்களைப் போன்றவர்களுக்கு இந்த ரசாயனத்தைவிடப் பெரிய லாபம், இதயம் வேகமாக அடிப்பதைப் பயமில்லாமல் அனுபவித்துப் பழகுவது என்பேன்.

உங்களைப் போலவே படபடப்புக்குப் பயந்த ஓர் இளைஞரை, பரிசோதனை முடிவுகளையெல்லாம் பார்த்த பிறகு, என் கிளினிக் மாடிப்படிக்குக் கூட்டிப்போனேன். கீழே நின்றபடி மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடிக்கு எண்ணச் சொன்னேன்: 21. நான்கால் பெருக்கினால் 84. இரண்டு மாடி சேர்ந்தே ஏறினோம். மேலே போனதும் 33, அதாவது 132. "வந்துடுச்சு டாக்டர்" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு பயம். "வரட்டும், எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே நிற்போம்" என்றேன். மூன்று நிமிடம் கழித்து அவரே எண்ணினார்: 24. இன்னொரு முறை ஏறலாமா என்று அவர்தான் கேட்டார்.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். முதல் வாரம் மேம்பாலம் வேண்டாம். சமதரையில் தினமும் பத்து நிமிடம் நடங்கள். முடிந்ததும் ஒரு மாடிப்படியை ஒரே ஒருமுறை ஏறுங்கள். நெஞ்சு அடிக்கும். அப்படியே நின்று, மூக்கால் மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். அடங்கும் வரை உட்காராதீர்கள், தண்ணீர் தேடி ஓடாதீர்கள், யாருக்கும் போன் செய்யாதீர்கள். அடுத்த வாரம் இரண்டு முறை ஏறுங்கள். மூன்றாவது அல்லது நான்காவது வாரம் மேம்பாலத்துக்குப் போங்கள். முதல் நாள் கூட ஒருவர் வரட்டும், அப்புறம் தனியாக. நடுவில் படபடப்பு வந்தால் வேகத்தைக் குறையுங்கள், திரும்பி மட்டும் வராதீர்கள். அது இறங்கிய பிறகு இன்னும் பத்து அடியாவது முன்னால் நடந்துவிட்டுத் திரும்புங்கள். அந்தப் பத்தடி ரொம்ப முக்கியம்.

எவ்வளவு வேகம்? கூட வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தால் நடக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை துடிப்பைப் பார்ப்பதும் பயத்துக்குத் தீனி போடுவதுதான். நடக்கப் போகும் முன் காபியும் வேண்டாம். காபி தரும் படபடப்பும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

ஜிம் அவசியமில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. காலையில் பத்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் பத்து, பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வீட்டுக்குப் பத்து என்று பிரித்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். மூட்டு வலி இல்லையென்றால் தோப்புக்கரணமே போதும்.

உங்கள் பரிசோதனைகள் சரியாக இருப்பதால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். ஆனாலும் நடக்கும்போது மட்டும் நெஞ்சில் அழுத்தமோ வலியோ வந்து நின்றதும் விலகினால், வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், மயக்கம் வந்தால், அதைப் பதற்றம் என்று ஒதுக்கக்கூடாது. உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஓய்விலும் வலி விடவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மனசு தாங்காத நாட்களில் அரசின் மனநல உதவி எண்ணான 'டெலி மானஸ்' 14416-க்குப் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியைத் தொடங்கிவிட்டோம் என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பதற்றத்துக்குக் கொடுக்கும் பல மருந்துகளைச் சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், படபடப்பு எல்லாம் வரும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து நடப்பதையும் சேர்த்து விட்டுவிடுவீர்கள். உங்கள் மாத்திரை புரோப்ரனலால் என்றால் இன்னொன்றும் உண்டு: அது இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அதனால் நாடியை எண்ணி வேகத்தை முடிவு செய்யாதீர்கள், பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். மேம்பாலத்தை மூன்று மாதம் தைரியமாக ஏறி இறங்கிய பிறகு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதற்கும் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஏப்ரல் பிறக்கட்டும்.