சுவிஸ் செல்பவர்கள் இயந்திர இசைக்கருவிகளின் நூதனசாலையைப் பார்க்கத்தான் வேண்டுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து சுவிஸிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லவிருக்கும் நீங்கள், பழைய இயந்திர இசைக்கருவிகளுக்கென்றே அமைந்த சிறிய நூதனசாலை ஒன்றுக்காக ஒரு நாளைச் செலவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செலவிடலாம். ஆனால் வழிகாட்டி கருவிகளை இயக்கிக் காட்டும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துச் செல்லுங்கள். ஒலிக்காத இசைப்பெட்டி வெறும் மரப்பெட்டிதான்.

நான் அக்கா குடும்பத்துடன் சென்றது ஜூரா மலைப்பகுதியிலுள்ள சென்ட் குருவா என்னும் ஊரின் நூதனசாலைக்கு. 1796இல் ஜெனீவாவின் மணிக்கூட்டுக் கைவினைஞர் அந்துவான் ஃபாவ்ர், மணிகளுக்குப் பதிலாகச் சுருதி சேர்த்த உருக்குப் பற்களைக் கொண்டு இசையெழுப்பும் வழியைக் காட்டினார். அடுத்த நூற்றாண்டில் இசைப்பெட்டி செய்வது இவ்வூரின் பெருந்தொழிலாயிற்று.

மூடியைத் திறந்து காட்டும்போது அருகில் நின்று பாருங்கள். திறப்பால் முறுக்கிய சுருள்வில் தளரத் தளரப் பித்தளை உருளை மெல்லச் சுழல, அதில் நட்டிருக்கும் நுண்ணிய ஊசிகள் உருக்குச் சீப்பின் பற்களை மீட்டுகின்றன. உருளை பக்கவாட்டில் இம்மியளவு நகர்ந்தால் வேறு ஊசிகள் பற்களுக்கு நேரே வந்து வேறு பாட்டு ஒலிக்கும். அதிர்ந்துகொண்டிருக்கும் பல்லை அடுத்த ஊசி தொட்டால் கரகரப்பு எழும் என்பதால், அதிர்வை முன்னதாகவே அடக்குவதற்குப் பல்லின் அடியில் மெல்லிய கம்பி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தக் கம்பியைக் கண்டபோதுதான் இது விளையாட்டுப் பொருளன்று என்பது எனக்கு உறைத்தது. வேகத்தைச் சீராக வைத்திருப்பது காற்றை எதிர்த்துச் சுழலும் சிறு விசிறி. அது பழுதானால் உருளை கட்டுக்கடங்காமல் ஓடி, ஊசிகளும் பற்களும் நொடிப்பொழுதில் நொறுங்கிவிடும்.

நம் கோயில்கள் சிலவற்றில் பூசை வேளையில் மின்மோட்டாரால் ஒலிக்கும் மேளமும் மணியும் இவற்றின் தூரத்து உறவே. புறப்படுமுன் அந்தக் கருவியின் சுழல்தண்டு கோல்களை எப்படி இயக்குகிறது என்று கவனித்தால், அங்கே பாதி விளக்கம் தேவைப்படாது.

பாசல் பக்கம் போக வாய்த்தால் சீவன் ஊர் நூதனசாலையையும் விட்டுவிடாதீர்கள். டைட்டானிக்கின் இணைக்கப்பலான பிரித்தானிக்குக்காகச் செய்யப்பட்ட வெல்ட்டே நிறுவனத்தின் ஓர்கன் (காற்றூதும் குழாய்களால் ஒலிக்கும் பெரிய இசைக்கருவி) அங்கே இருக்கிறது. துளையிட்ட காகிதச் சுருளே அதை வாசிக்கும்.

இணுவில், அளவெட்டி நாதஸ்வரத்தில் வளர்ந்த செவிக்கு ஒரு குறை மட்டும் தெரியும். ஒரு பல்லுக்கு ஒரே சுருதி. சுரத்தை அசைக்கவோ இழைக்கவோ அதற்கு இயலாது. தோடி ராகத்தில் அசைந்தே ஒலிக்கும் காந்தார சுரத்தை எந்த உருளையிலும் ஊசியாக நட முடியாது. நம் இசை இயந்திரத்துக்குள் உயிரோடு புகுந்தது இசைத்தட்டு வந்த பிறகுதான். இந்தியாவில் முதல் வணிக ஒலிப்பதிவுகள் 1902இல் கல்கத்தாவில் நடந்தன. இசைப்பெட்டித் தொழிலை வீழ்த்தியதும் அதே கிராமபோன்தான். இசைப்பெட்டி செய்துவந்த சென்ட் குருவாவின் பய்யார் நிறுவனமே பின்னர் கிராமபோன் செய்யத் தொடங்கியது. ஆகவே அங்கே கிராமபோன்களையும் காண்பீர்கள். அவற்றை நாம் அறிவோம். நேரத்தை உருளைப் பெட்டிகளுக்கே கொடுங்கள்.