கேள்வி ட்ரம்ஸ் பத்தி இல்லையே ஐயா

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு, எங்க சபையில இப்பல்லாம் ஆராதனைன்னா ஒரு மணி நேரம் ட்ரம்ஸ், கீபோர்ட், கைத்தட்டல்தான். வாலிபப் பிள்ளைங்க முன்னாடி வந்து குதிக்கிறாங்க, சிலர் ஆடவே ஆடுறாங்க. நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப ஆர்கன் வாசிப்பாங்க, பாட்டுப் புத்தகத்தப் பாத்து அமைதியா நின்னு பாடுவோம், பயபக்தி இருந்துச்சு. "சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது"ன்னு 1 கொரிந்தியர் 14:40ல தெளிவா இருக்கே, அப்ப இது மாம்சத்தோட கிரியைதானே? இத கண்டிச்சு உங்க பத்திரிகையில ஒரு கட்டுரை கட்டாயம் போடணும். என் மனைவி தவறி எட்டு மாசம் ஆகுது. போன ஞாயிறு என்னால எந்திரிக்க முடியல, உக்காந்திருந்தேன், பாட்டு நடத்துற தம்பி மைக்ல "கர்த்தருடைய சமுகத்துல யாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காரக்கூடாது, எந்திரிச்சு கை தட்டுங்க"ன்னாரு, எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.
(பெயர் வேண்டாம்)

பதில்: ஐயா, லெட்டர் பூரா ட்ரம்ஸ், மனைவிக்கு கடைசில ஒரே ஒரு வரி. நான் கீழ இருந்து மேல படிச்சேன், அப்பத்தான் விஷயம் புரிஞ்சுது. ஆனாலும் நீங்க கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், இல்லன்னா ஆசிரியர் நழுவிட்டாருன்னு அடுத்த மாசம் இன்னொரு லெட்டர் வரும்.

மாம்சம்னு, அதாவது ஆவிக்குரியது இல்ல, வெறும் உடம்போட இச்சைன்னு சொல்லிட்டீங்க. சரி, 150ஆம் சங்கீதத்த எடுங்க. எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, நடனம், யாழ், தீங்குழல்னு வரிசையா போயிட்டு கடைசில "ஓசையுள்ள கைத்தாளங்களைக்கொண்டு"ன்னு வருது, அதுவும் பத்தாதுன்னு அடுத்து "பேரோசையுள்ள கைத்தாளங்களைக்கொண்டு"ன்னு போட்டிருக்கு. ட்ரம்ஸ் செட்ல மேல ரெண்டு தட்டு தொங்குது பாருங்க, அதோட தாத்தாதான் இது. நடனம்கிற வார்த்தை வேற நடுவுல உக்காந்திருக்கு, அத மட்டும் தாண்டிப் படிக்க முடியாது. செங்கடலத் தாண்டுனதும் மிரியாம் தம்புரு எடுத்தா, பெண்கள் எல்லாரும் நடனத்தோட பின்னாடியே போனாங்க, யாத்திராகமம் 15. அதே புத்தகத்துல 32ஆம் அதிகாரத்துல பொன் கன்னுக்குட்டிய சுத்தி ஆடினதும் அதே ஜனங்கதான், அதையும் மறைக்கல. ஆட்டம் ரெண்டு இடத்துலயும் ஆட்டம்தான், யாருக்கு முன்னாடி ஆடினாங்கங்கிறதுதான் கேள்வி.

இப்ப 14:40. அந்த வசனத்த எடுத்துட்டு வர்றவங்க ஒருத்தரும் அதுக்கு முந்தின வசனத்த கூட்டிட்டு வர்றதில்ல. 39ல பவுல் "தீர்க்கதரிசனஞ்சொல்ல நாடுங்கள், அந்நியபாஷைகளைப் பேசுகிறதற்கும் தடைபண்ணாதிருங்கள்"ங்கிறாரு, அந்த மூச்சுலயே 40 வருது. கொரிந்து சபையில ஒருத்தர் பேசும்போதே இன்னொருத்தரும் பேசி யாருக்கும் எதுவும் புரியாமப் போச்சு, அதுக்கு அவரு வரிசை போட்டுக் குடுத்தாரு, எல்லாரும் மொத்தமா வாய மூடிட்டு உக்காருங்கன்னு சொல்லல.

ஆர்கன் மேட்டர்ல உங்களுக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. நீங்க பயபக்திக்கு அடையாளமா சொல்றீங்களே அந்த ஆர்கன், அதை 1527ல சூரிச் நகரத்துப் பெரிய கோவில்ல இருந்து எடுத்தே போட்டாங்க, ஆராதனைக்கு இடைஞ்சல்னு. அந்த மாற்றத்த முன்னால நின்னு நடத்தின சபைச் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லி அரைகுறை சங்கீதக்காரர் இல்ல, பல வாத்தியம் வாசிக்கத் தெரிஞ்ச மனுஷன், அவரு காலத்துல ஆரம்பிச்சு 1598 வரைக்கும் அந்த ஊர் ஆராதனையில பாட்டே கிடையாது. அந்தப் பக்கம் எத்தியோப்பியா ஆர்த்தடாக்ஸ் சபையப் பாருங்க, பெரிய முரசு, கையில குலுக்குற சலங்கை மாதிரி ஒரு கருவி, நீளமான ஜெபக்கோல், இதெல்லாத்தையும் வச்சுட்டு வெள்ளை உடுப்புல பாடகருங்க அசைஞ்சு ஆடிப் பாடுறாங்க, பல நூற்றாண்டுப் பழக்கம், அவங்களுக்கு அதுதான் பயபக்தி. 325ல நிக்கேயாவுல கூடின சங்கத்தோட 20ஆவது விதி ஒண்ணு இருக்கு, ஞாயித்துக்கிழமையும் ஈஸ்டர்ல இருந்து பெந்தெகொஸ்தே வரைக்கும் யாரும் முழங்கால் போடக்கூடாது, நின்னுதான் ஜெபிக்கணும்னு. உயிர்த்தெழுந்த சந்தோஷத்த உடம்புல காட்டணும்னு அன்னைக்கே சட்டம் போட்டிருக்காங்க. அதனால சந்தோஷத்துக்கு உடம்பு வேணாம், மனசு போதும்னு மட்டும் சொல்லாதீங்க, அது நம்ம பழைய நம்பிக்கையும் இல்ல.

ட்ரம்ஸ் அவ்வளவுதான். சத்தம் காதுக்கு ஒத்துக்கலன்னா சவுண்ட் பாக்குற பையன்கிட்ட சொல்லி குறைக்கச் சொல்லுங்க, அதுக்கு வசனம் தேவையில்ல.

இனி கடைசி வரிக்கு வர்றேன்.

தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னாடி முழு பலத்தோட ஆடினதும், அவனோட மனைவி மீகாள் ஜன்னல்ல இருந்து பாத்து மனசுக்குள்ள அவன அவமதிச்சதும் உங்களுக்குத் தெரியும், 2 சாமுவேல் 6. ஆராதனையில கை தட்டாதவங்கள அடிக்க நம்ம ஆளுங்க எடுக்குற முதல் கம்பு இதுதான், நானும் அந்தக் கம்ப எடுத்து எழுதினவன்தான், மறைக்க விரும்பல. அப்புறம் ஒருநாள் மூணு அதிகாரம் பின்னாடி போயி படிச்சேன். மீகாள் தாவீத நேசிச்சு கல்யாணம் பண்ணினவ. அப்பன் சவுல் அவள பிடுங்கி வேற ஒருத்தனுக்குக் குடுத்தான். வருஷங்கழிச்சு, அப்பனும் அண்ணன் யோனத்தானும் யுத்தத்துல செத்த பிறகு, தாவீது ஆள் அனுப்பி அவள திருப்பிக் கொண்டுவரச் சொல்றான், அந்த ரெண்டாவது புருஷன் பல்த்தியேல் பகூரீம் வரைக்கும் அழுதுகிட்டே பின்னாடி நடந்து வர்றான், சவுலோட படைத்தலைவனா இருந்த அப்னேர் "திரும்பிப் போ"ன்னதும் போயிடுறான். மீகாள் என்ன சொன்னா, அழுதாளா, ஒரு வார்த்தை இல்ல. யாரும் அவகிட்ட கேட்டதாவும் இல்ல. ஆட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த தாவீத அவ ஏளனமா பேசின வார்த்தை தப்புதான், நான் நியாயப்படுத்தல. ஆனா ஜன்னல்ல நிக்கிற ஆளப் பாத்தா இப்ப எனக்கு கம்பு எடுக்கத் தோணுறதில்ல, அந்த வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு கேக்கத்தான் தோணுது.

பாட்டு நடத்துற தம்பி, இந்தப் பக்கத்த நீங்களோ உங்கள மாதிரி இன்னொரு தம்பியோ படிப்பீங்க, அதனால உங்களுக்கும் சேத்தே சொல்றேன். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" வசனத்தத்தான மனசுல வச்சிருந்தீங்க? பிலிப்பியர் 4:4. அதே லெட்டர்ல 2ஆம் அதிகாரம் பாருங்க, தன்னோட உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து சாவுற நிலைமைக்குப் போயி பிழைச்சத சொல்லும்போது "துக்கத்தின்மேல் துக்கம்" எனக்கு வராதபடிக்கு தேவன் இரங்கினாருங்கிறாரு பவுல். அப்படின்னா ஏற்கெனவே ஒரு துக்கம் இருந்திருக்கு, மறைக்கல. 3ஆம் அதிகாரத்துல "கண்ணீரோடும் சொல்லுகிறேன்"னு வருது. விலங்கு போட்ட கையோட, அழுதுட்டே எழுதின ஆளுதான் சந்தோஷமா இருங்கன்னு எழுதுறாரு. நீங்க மைக்ல சொன்னது அந்தச் சந்தோஷமா? நீதிமொழிகள் 25:20 இன்னும் கடுமையா இருக்கு, மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுறவன் குளிர்காலத்துல ஒருத்தனோட துணிய உருவுறவன் மாதிரின்னு சொல்லுது. உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்குல்ல.

நெகேமியாவும் அழாதீங்கன்னு சொன்னாரேன்னு கேப்பீங்க. சொன்னாரு, 8ஆம் அதிகாரம். ஆனா அது நியாயப்பிரமாணத்தக் கேட்டு, தப்பு பண்ணிட்டோமேன்னு மொத்த ஜனமும் அழுத அழுகை, பொண்டாட்டிய புதைச்சுட்டு வந்தவரோட அழுகை இல்ல. "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்"ங்கிறத ஸ்டேஜ் பேனர்ல போடுறோமே, அதே வசனத்தோட முதல் பாதியில "ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்"னு இருக்கு, அத எந்த பேனர்லயும் நான் பாத்ததில்ல. தாவீதும் ஆடி முடிச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போகல, ஆண் பெண் எல்லாருக்கும் அப்பமும் இறைச்சியும் பங்கு போட்டுட்டுத்தான் போனான். நீங்க பாட்டு முடிஞ்சதும் உக்காந்திருந்த பெரியவர்கிட்ட போனீங்களா?

எனக்கு ஆராதனைன்னா நினைவுக்கு வர்றது எஸ்றா 3தான். பாபிலோன் சிறையிருப்புல இருந்து திரும்பி வந்தவங்க ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுறாங்க, ஆசாரியர் பூரிகை ஊதுறாங்க, ஆசாப்போட பிள்ளைங்க தாளம் தட்டுறாங்க, ஜனங்கள்ல நிறைய பேர் கெம்பீரமா கத்துறாங்க. பழைய ஆலயத்தக் கண்ணால பாத்த கிழவனுங்க சத்தம் போட்டு அழுவுறாங்க. யாரும் அவங்கள அடக்கல. அழுறவங்களும் பூரிகைய நிறுத்தச் சொல்லல. அழுகை எது ஆரவாரம் எதுன்னு பிரிச்சுக் கேக்க முடியல, ஆனா சத்தம் வெகுதூரம் கேட்டுச்சுன்னு எழுதியிருக்கு. ஐயா, நீங்க அந்தக் கிழவனுங்க பக்கம் உக்காந்திருக்கீங்க, அது உங்க இடம், யாரும் எழுப்ப முடியாது. அதே மாதிரி எதிர்ப்பக்கம் தாளம் தட்டுற பிள்ளைங்களோட இடத்த நீங்களும் பிடுங்க முடியாது. உங்க துக்கத்துக்கு அவங்க ட்ரம்ஸ் குற்றவாளி இல்ல.

அதனால நீங்க கேட்ட கட்டுரைய நான் போடமாட்டேன். அதுக்குப் பதிலா ஒரு வேலை சொல்றேன். 88ஆம் சங்கீதம் ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் புலம்பல், "ஆனாலும் துதிப்பேன்"னு ஒரு திருப்பம் கூட கிடையாது, நண்பனையும் தோழனையும் தூரமாக்கிட்டீரேன்னு சொல்றதோட நின்னுடுது. அதோட தலைப்ப கவனிச்சுப் படிங்க, "இராகத்தலைவனுக்கு ஒப்புவித்த" பாட்டுன்னு இருக்கும். அதாவது பாட்டு நடத்துறவரு கையில குடுத்த பாட்டு, சபையா கூடிப் பாடுறதுக்கு. அந்தப் பக்கத்துல ஒரு சீட்ட வச்சு வேதப்புத்தகத்த எடுத்துட்டு அந்தத் தம்பிய ஞாயிறு தவிர வேற ஒரு நாள் போயி பாருங்க. ட்ரம்ஸ் பேச்ச எடுக்காதீங்க. உங்க வீட்டம்மா பேர சொல்லுங்க, அவங்க எந்தப் பாட்டுக்கு சத்தமா பாடுவாங்கன்னு சொல்லுங்க, அந்தத் தம்பிக்கு அவங்களத் தெரியவே தெரியாதுன்னு நினைக்கிறேன். அந்தப் பாட்டுக்கு ட்ரம்ஸ் வேணுமா வேணாமாங்கிறத ரெண்டு பேருமா பேசி முடிவு பண்ணிக்கோங்க.