முட்டிவலி அம்மாவோடு போகஹான்டஸ் கவுன்ட்டியில் எங்கே நடக்கலாம்?

கேள்வி: வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அக்டோபர் இரண்டாம் வாரம் மூன்று நாள் லீவு கிடைக்கிறது. வெஸ்ட் வர்ஜீனியாவின் போகஹான்டஸ் கவுன்ட்டியில் ஆற்றோரமாக நடக்க நல்ல பாதைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அப்பா இந்த வயதிலும் விறுவிறுவென்று நடப்பார். அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். சமதரையில் அரைமணி நேரம் நடப்பார், படிகள் ஆகாது. பையனுக்கு ஆறு வயது. எங்கெல்லாம் போகலாம்?

பதில்: இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எட்டு ஆறுகள் பிறக்கும் மலைநாடு அது. மொத்தக் கவுன்ட்டிக்கும் சேர்த்து எட்டாயிரம் பேர்கூட இல்லை. கூட்டம், பார்க்கிங் தொல்லை பெரிதாக இருக்காது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நடைபாதை வழிகாட்டிகளில் 'ஈஸி' என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். தூரத்தையும் ஏற்றத்தையும் பார்த்துத்தான் பெரும்பாலும் அந்த முத்திரை குத்துகிறார்கள். அரை மைல் பாதை என்றால் ஈஸி. அந்த அரை மைலுக்குள் எத்தனை படிகள் என்பது அதில் தெரியாது. உங்கள் அம்மாவுக்கு ஒரு மைல் சமதரை ஒரு பொருட்டல்ல, இருபது படி இறங்குவதுதான் வேதனை. முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம் வலிக்கும். அதனால் எந்தப் பாதையானாலும் "எத்தனை மைல்?" என்பதற்கு முன்னால் "படி உண்டா?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு முழுசாகத் தேறுவது கிரீன்பிரையர் ஆற்றுப் பாதை. பழைய ரயில் தடம் அது. 1900 வாக்கில் மரம் ஏற்றிப் போகப் போட்ட லைன், 1978 கடைசியில் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, சுண்ணாம்புக்கல் பொடி பரப்பி நடைபாதையாக்கிவிட்டார்கள். தெற்கே கால்டுவெல்லில் தொடங்கி வடக்கே காஸ் வரை 78 மைல், ஏறத்தாழ 125 கிலோமீட்டர். நீராவி ரயில் சரிவில் திணறும் என்பதால் தடத்தை ஆற்றை ஒட்டியே, ஏற்றமே தெரியாதபடி போட்டிருக்கிறார்கள். சரிவு ஒரு சதவீதம் அளவுக்குத்தான். அன்றைக்கு எஞ்சினுக்காகச் செய்த ஏற்பாடு இன்றைக்கு முட்டிக்கு உதவுகிறது. ஸ்ட்ரோலர் தள்ளலாம், பையன் சின்ன சைக்கிள் ஓட்டலாம்.

சரி, 78 மைலில் எந்தத் துண்டு? அம்மாவுக்கு மார்லின்டன். கவுன்ட்டியின் தலைநகரம் அதுதான், ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. பழைய ரயில் நிலையத்தின் பக்கத்தில் பாதையில் ஏறிக்கொள்ளலாம். நிலையம் 2008இல் எரிந்துபோய், பிறகு மறுபடி கட்டியது. ஊரை ஒட்டிய பகுதியில் தார் போட்டிருப்பதால் சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. கடையும் கழிப்பறையும் கிட்டத்திலேயே உண்டு. அம்மாவுக்கு முதல் நாள் இங்கே அரைமணி நடைபோதும். ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். எங்கே வலிக்கிறதோ அங்கே விரித்து உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சின்ன உபாயம் ஒன்று: போகும்போது வடக்கே, அதாவது ஆறு வரும் திசையில் நடங்கள். களைத்துத் திரும்பும்போது தடம் மெல்ல இறக்கமாக இருக்கும். நடையில் இது அவ்வளவாகத் தெரியாது. சைக்கிளில் நன்றாகவே தெரியும்.

அப்பாவுக்கும் பையனுக்கும் மார்லின்டனைவிட எனக்குப் பிடித்தது சீபெர்ட்டிலிருந்து வட்டோகா வரையிலான இரண்டு மைல். வட்டோகா ஒரு காலத்தில் மர ஆலை வைத்திருந்த ஊர். காட்டை வெட்டி முடித்ததும் ஊரே காலியாகிவிட்டது. இன்றைக்குப் பாதையோரம் காட்டுக்குள் பழைய வங்கியின் பணப்பெட்டக அறை மட்டும் நிற்கிறது. ஆறு வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதற்குப் பக்கத்திலேயே பழைய ரயில் பாலம் ஆற்றைக் கடக்கிறது. போக இரண்டு, வர இரண்டு என்று நான்கு மைல் ஆகும். பையன் பாதியில் தோளில் ஏறிக்கொள்வான் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். சுரங்கப் பாதைகளும் இரண்டு உண்டு. பெரியது 511 அடி நீளம். ஆனால் வண்டி நிறுத்தும் இடங்களிலிருந்து தூரம் அதிகம், சைக்கிள் வாடகைக்கு எடுத்தால்தான் சரிவரும். டார்ச் அவசியம்.

அடுத்து, அம்மாவுக்கு இந்தப் பயணத்திலேயே மனதில் நிற்கப்போவது என்று நான் நினைக்கும் இடம் கிரான்பெர்ரி கிளேட்ஸ். மார்லின்டனிலிருந்து காரில் அரைமணி. சுமார் 3,400 அடி உயரத்தில், நாலு பக்கமும் மலை சூழ்ந்த சதுப்பு நிலம். அரை மைலுக்கு மரப்பலகை வழி போட்டிருக்கிறார்கள், படியே கிடையாது. சக்கர நாற்காலியே போகும். மண்ணில் சத்து குறைவு, புளிப்பு அதிகம். அதனால் இங்கே சில செடிகள் பூச்சியைப் பிடித்துத் தின்று பிழைக்கின்றன. குடுவைச் செடியையும், பசைத்துளி ஒட்டிய பனித்துளிச் செடியையும் பையனுக்குக் காட்டுங்கள். பலகையை விட்டு இறங்கக் கூடாது. பஞ்சுபோன்ற அந்தத் தரை ஒரு மிதி பட்டால் தேற வெகுகாலம் ஆகும். காலையில் உறைபனி படிந்தால் பலகை வழுக்கும், எனவே பத்து மணிக்கு மேல் போங்கள். ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர் இங்கே போதாது.

அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் ஹில்ஸ் க்ரீக் அருவிகள். மூன்று அருவிகள்: 25, 45, 63 அடி. முதல் அருவிவரை தளம் போட்ட பாதை இருக்கிறது. அம்மாவோடு அங்கேயே நின்றுவிடுங்கள். அதற்குக் கீழே எல்லாம் செங்குத்தான படிக்கட்டுகள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம்தானே" என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் அது அப்பாவாகத்தான் இருக்கும். வேண்டாம், அவரை மட்டும் அனுப்புங்கள். கீழ்ப்பகுதி திறந்திருக்கிறதா என்று வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

பேர்டவுன் என்ற இடத்தைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். பாறைப் பிளவுகளுக்கு நடுவே, தெருக்கள் போன்ற சந்துகளில் பலகை வழி வளைந்து போகும். அழகான இடம்தான், தூரமும் அரை மைல்தான். ஆனால் படிகள் உண்டு. அம்மா காரில் இருக்கட்டும், அப்பாவும் பையனும் முக்கால் மணியில் சுற்றி வரட்டும்.

மீதி நேரத்துக்கு நடையே தேவையில்லை. கிரான்பெர்ரி கிளேட்ஸிலிருந்து திரும்பும்போது வந்த வழியில் வராமல், 150ஆம் எண் மலைச்சாலையைப் பிடித்து மார்லின்டனுக்கு வடக்கே இறங்குங்கள். வழியில் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடங்கள் நான்கு உண்டு. அக்டோபர் தொடக்கத்தில் உயரத்தில் இலை நிறம் மாறும், பிறகு அது பள்ளத்தாக்குக்கு இறங்கும். உங்கள் தேதியில் இரண்டிலும் கொஞ்சம் கிடைக்கும். இன்னொரு நாள் காஸ் ஊரில் நீராவி ரயில் சவாரி. இலை பார்க்க வரும் கூட்டத்தில் வார இறுதி டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். இப்போதே பதிவு செய்யுங்கள்.

தங்க வட்டோகா மாநிலப் பூங்கா என் தேர்வு. மாநிலத்திலேயே பெரிய பூங்கா, சுமார் 10,000 ஏக்கர். மரக் குடில்கள் வாடகைக்குக் கிடைக்கும், சமைத்துக்கொள்ள அடுப்படியோடு இருப்பதாகப் பார்த்து எடுங்கள். செயற்கை வெளிச்சம் குறைந்து நட்சத்திரங்கள் நன்றாகத் தெரியும் 'இருண்ட வானப் பூங்கா' என்று 2021இல் அங்கீகாரம் பெற்ற இடம். வானம் தெளிந்திருந்தால் அம்மா நாற்காலியில் சாய்ந்தபடியே பால்வீதியைப் பார்க்கலாம்.

சாப்பாடு விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலும் சீஸ் சாண்ட்விச்சும்தான் கிடைக்கும். முதல் நாளைக்குப் புளியோதரை கட்டிக்கொள்வதே புத்திசாலித்தனம். கருங்கரடி உள்ள காடு என்பதால் மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள். பாதையோரக் கழிப்பறைகள் குழிக் கழிப்பறைகள், உள்ளே தண்ணீர் இருக்காது. பெரியவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீர் கையோடு வைத்திருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: போன் வேலை செய்யாது. கிரீன் பேங்க் என்ற ஊரில் 100 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய அலைகளைக் கேட்பதற்காக, 1958இலிருந்தே சுற்றிலும் 13,000 சதுர மைலுக்கு வானொலி அலைகளுக்குக் கட்டுப்பாடு. மார்லின்டன் தாண்டினால் சிக்னலை மறந்துவிடுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்குங்கள், காகித வரைபடமும் ஒன்று இருக்கட்டும். அப்பா முன்னால் போய்விடுவார், கூப்பிட முடியாது. அதனால் ஆற்றுப் பாதையில் மைல் கல் எண்ணைச் சொல்லி, "அதுவரை போய்த் திரும்புங்கள், பதினொன்றரைக்குக் காரில் இருக்க வேண்டும்" என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் இறங்குவது இந்த மாதத்தில் வேண்டாம். தண்ணீர் சில்லென்றிருக்கும், பாறை பாசி பிடித்திருக்கும். கிரீன்பிரையரை அடக்க அணை எதுவும் இல்லை, மலையில் மழை பெய்தால் சீக்கிரம் ஏறும். 1985லும் 1996லும் மார்லின்டனையே மூழ்கடித்த ஆறு அது. புல்லில் உட்கார்ந்து எழுந்தால் அன்று இரவே பையனின் முட்டிக்குப் பின்பக்கம், அக்குள், தலைமுடி எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அம்பு வேட்டைப் பருவமும் நடக்கும், ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலிருந்து நாலரை மணி நேர ஓட்டம். வழியில் வரும் ஸ்டான்டன் ஊரைத் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள்தான், அம்மாவுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் மாத்திரை போட்டுக்கொள்ளட்டும். ஸ்டான்டனிலேயே டேங்கை நிரப்புங்கள். இருட்டுவதற்குள் குடிலுக்கு வந்து சேருங்கள், அந்தி நேரத்தில் மான்கள் சாலையில் குறுக்கே பாயும். மருத்துவமனை மார்லின்டனுக்குத் தெற்கே பக்கய் என்ற இடத்தில், 219ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. பெற்றோரின் பயணக் காப்பீட்டு அட்டையும் மாத்திரைப் பட்டியலும் போனில் மட்டும் இருந்தால் போதாது, அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள்.