கூட்டல் சரி, வரிகள் எங்கே?

கேள்வி: மூன்று வருட விற்பனை விவரம் ஒரே சிஎஸ்வி (காற்புள்ளியிட்டுப் பிரித்த டெக்ஸ்ட்) ஃபைலாக வந்தது. எக்செல்லில் திறந்து கூட்டினால், மேலிடம் சொல்லும் தொகையைவிடக் குறைவாக வருகிறது. ஃபார்முலாவை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன். கம்ப்யூட்டரும் திணறுகிறது. ரேம் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ரேமுக்குச் செலவு செய்யாதீர்கள். முதலில் ஏதாவது விவரம் உள்ள ஒரு செல்லில் நின்று, கன்ட்ரோலை அழுத்தியபடி கீழ் அம்புக்குறியைத் தட்டுங்கள். 10,48,576-ஆவது வரியில் போய் நின்றால் விஷயம் புரிந்துவிடும். தீர்ந்துபோனது உங்கள் டேட்டா அல்ல, ஷீட். 2007 பதிப்பிலிருந்து ஒரு ஷீட்டுக்கு அவ்வளவுதான் இடம். திறக்கும்போதே 'முழுவதும் ஏறவில்லை' என்று ஓர் அறிவிப்பு வந்திருக்கும். அவசரத்தில் ஓகே கொடுத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். ஆனால் அந்த ஃபைலை அதே பெயரில் சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள். ஏறாத வரிகள் மூல ஃபைலிலிருந்தும் போய்விடும்.

இது சின்னத் தவறு என்று நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. 2020-இல் இங்கிலாந்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, 15,841 கொரோனா தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். ஆய்வகங்களிலிருந்து வந்த பட்டியலைப் எக்செல்லின் பழைய ஃபைல் வடிவமான எக்ஸ்எல்எஸ்ஸில் ஏற்றியிருந்தார்கள். அதில் 65,536 வரிகள்தான் கொள்ளும். பரிசோதனை முடிவு அந்தந்த நபருக்குப் போய்விட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் தாமதமானது. தொற்று பரவும் நேரத்தில் அந்த நாட்களின் விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

வரிகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டாலும் நிம்மதியாக இருக்க முடியாது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் 16 இலக்க வாடிக்கையாளர் எண்கள். ஒருநாள் சாயங்காலம் பட்டியலை உருட்டிக்கொண்டிருந்தபோது, எல்லா எண்ணும் பூஜ்யத்திலேயே முடிவது கண்ணில் பட்டது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தைத்தான் காப்பாற்றும். 1234567890123456 என்று அடித்தால் 1234567890123450 ஆகிவிடும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்ட இரண்டு பேர் எங்களுக்கு ஒரே ஆளாகிவிட்டார்கள். எண்ணைத் தேடி விவரம் எடுத்துத் தரும் விலுக்அப் ஃபார்முலா ஒருவர் பாக்கியை இன்னொருவர் தலையில் கட்டியிருந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. அன்றிலிருந்து, கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எந்த எண்ணையும் நான் டெக்ஸ்ட்டாகத்தான் ஏற்றுகிறேன். (மார்ச்1 என்ற மரபணுப் பெயரைக்கூட எக்செல் தேதியாக மாற்றிவிடும். அதற்காகவே அந்தப் பெயர் மார்ச்எஃப்1 என்று மாற்றப்பட்டது.)

இனி உங்கள் வேலைக்கு வருவோம். எக்செல்லை விட மனமில்லையென்றால் அதிலேயே உள்ள, டேட்டாவை உள்ளே கொண்டுவரும் பவர் கொயரி என்ற கருவி வழியாக ஏற்றுங்கள். ஷீட்டில் பரப்பாமல் டேட்டா மாடலில் (ஷீட்டுக்கு வெளியே எக்செல் வைத்திருக்கும் சேமிப்பு) சேர்த்து, பிவட் என்ற தொகுப்பு அட்டவணை போட்டால் அந்த வரி எல்லை குறுக்கே வராது. ஒன்று கவனியுங்கள்: எது எண், எது எழுத்து என்பதை பவர் கொயரி பொதுவாக முதல் 200 வரிகளைப் பார்த்தே முடிவு செய்யும். ஐடி எண் உள்ள நெடுவரிசைகளை நீங்களே டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள்.

மாதாமாதம் இதே அளவு வருமென்றால் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாறிவிடுங்கள் என்பதே என் கருத்து. இலவசம், தனி சர்வர் வேண்டாம், முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைலில் இருக்கும். எடுக்க செலக்ட், கூட்ட சம், வகை பிரிக்க குரூப் பை என்ற மூன்று கட்டளைச் சொற்களும் பிடிபட்டால் உங்கள் தேவையில் பெரும்பகுதி முடிந்தது. எந்தக் கணக்கை எப்படிப் போட்டோம் என்பது எழுத்தில் நிற்பதால் அடுத்தவர் படித்துச் சரிபார்க்கலாம். ஷீட்டில் எவரோ ஒரு செல்லை மாற்றி அடித்துவிட்டுப் போனால் அதை யார் கண்டுபிடிப்பது? சுருங்கி வந்த முடிவை அழகுபடுத்தவும் வரைபடம் போடவும் எக்செல்லுக்கே கொண்டுவாருங்கள், அதில் அதற்கு நல்ல கை.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். ஃபைல் அனுப்பியவரிடம் மொத்தம் எத்தனை வரி, கூட்டுத்தொகை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் உங்கள் பக்கம் ஒத்துப்போகும்வரை அறிக்கையை மேலே அனுப்பாதீர்கள்.